குறுகிய வழியா, சரியான வழியா?

ஆபிரிக்காவின் மிக உயர்ந்த மலை தன்சானியாவிலுள்ள கிளிமஞ்சாரோ. உயரம் 5,895 மீற்றர். இதில் ஏற எந்தப் பாதை சிறந்தது?

தங்கும் குடில்கள் உள்ள மரங்குப் பாதையில் ஐந்தே நாட்களில் ஏறி இறங்கலாம். ஆனால் உச்சியில் வளியமுக்கம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ அரைப்பங்குதான். மூச்சுக்குக் கிடைக்கும் ஒட்சிசனும் அவ்வாறே. உடல் பழகுமுன் விரைந்து ஏறினால் தலைவலியும் வாந்தியும் வரும். நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்தால் உயிருக்கே ஆபத்து.

மச்சாமே பாதைக்கு ஆறு, ஏழு நாட்கள் வேண்டும். அதில் லாவா கோபுரம் வரை சுமார் 4,600 மீற்றர் ஏறி, இரவில் 4,000 மீற்றருக்குச் சற்றுக் கீழே இறங்கி உறங்குவர். உடலைப் பழக்கும் முறை இதுவே.

எனவே நான் தெரிவுசெய்வது மச்சாமேயை, அதுவும் ஏழு நாட்களில். அங்குள்ள வழிகாட்டிகள் 'போலே போலே' என்பார்கள். சுவாஹிலி மொழியில் 'மெதுவாக, மெதுவாக' என்று பொருள்.