எல்லோருக்கும் நல்லவளா?

"எல்லோருக்கும் நல்லவள்" என்னும் பெயரை நாம் பெரிதும் விரும்புகிறோம். தோழி கணக்கு நோட்டைக் கேட்டால், மறுநாள் பரீட்சை என்றாலும் கொடுத்துவிடுகிறோம். வகுப்பில் ஒருத்தியைக் கேலி செய்யும்போது, மனம் கேளாவிட்டாலும் கூடச் சேர்ந்து சிரிக்கிறோம். மறுத்தால் நம்மை ஒதுக்கிவிடுவார்களோ என்ற அச்சந்தான் காரணம். இதற்கு அன்பு என்று நாமே பெயர் வைத்துக்கொள்வதுதான் வேடிக்கை!

அச்சத்தையும் அன்பையும் எப்படிப் பிரித்தறிவது? ஏறக்குறைய நம் வயதிலேயே இதற்கு விடை கண்டவர் சியன்னா நகரப் புனித கத்தரீனம்மாள்.

இவர் 1347-ல் இத்தாலியில், சாயத் தொழில் செய்துவந்த ஜாக்கோமோவுக்கும் லாப்பாவுக்கும் மகளாகப் பிறந்தார். மணப்பருவம் நெருங்கியதும் தாயார் அவரை அலங்கரித்துக்கொள்ளச் சொன்னார். கத்தரீனுக்கு விருப்பமில்லை. ஆயினும் அக்காள் பொனவெந்தூரா பாசத்துடன் வற்புறுத்தியதால் இணங்கிவிட்டார். பின்னாளில் இதை எண்ணி மிகவும் அழுதாராம். புனிதர்களுக்கும் இந்தப் பலவீனம் இருந்தது என்று அறிய நமக்குச் சற்று ஆறுதலாகத்தான் இருக்கிறது.

1362-ல் அந்த அக்காள் பிரசவத்தில் இறந்தாள். அதன்பின் வீட்டார் கத்தரீனைத் திருமணத்துக்கு முன்னிலும் அதிகமாக நெருக்கினர். அவரோ தம் கூந்தலை வெட்டிக்கொண்டார்! தண்டனையாகத் தனியறை பறிக்கப்பட்டது; வீட்டு வேலை முழுவதும் அவர் தலையில் விழுந்தது.

அவர் முணுமுணுக்கவில்லை, திருமணத்துக்கு இணங்கவும் இல்லை. தந்தையை இயேசுவாகவும், தாயை மரியன்னையாகவும், சகோதரரை அப்போஸ்தலர்களாகவும் பாவித்து மகிழ்ச்சியுடன் பணிவிடை செய்தார். உள்ளத்திலேயே ஓர் அறை அமைத்து அங்கே இறைவனோடு உறவாடினார். முன்பு அக்காளுக்காகத் தலைவாரிக்கொண்டவர், இப்போது எவருடைய பாராட்டையும் எதிர்பாராமல் சமையலறையில் உழைத்தார். தாம் இறைவனுக்கு அருமையானவள் என்று அறிந்திருந்தவருக்குப் பாராட்டு எதற்கு?

(பெற்றோர் சொல்லை மீறலாம் என்று தோழியர் யாரும் இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம்! கத்தரீன் தம் எண்ணத்தை ஒளிக்காமல், மரியாதை குறையாமல் எடுத்துச் சொன்னார். இறுதியில் தந்தையே, அவளை இனி யாரும் தொந்தரவு செய்யக்கூடாது என்று கட்டளையிட்டார்.)

வீட்டில் பெற்ற இந்தத் துணிவு நாட்டுக்கும் உதவியது. அக்காலத்தில் பாப்பரசர்கள் உரோமையை விட்டு, இன்றைய பிரான்சிலுள்ள அவிஞ்ஞோனில் வாழ்ந்தனர். பாப்பரசர் 11-ஆம் கிரகோரியார் திரும்ப விரும்பியும், உறவினரும் பிரெஞ்சுக் கர்தினால்மாரும் தடுத்ததால் தயங்கினார். கத்தரீன் அவருக்கு அன்பு மகளாகக் கடிதங்கள் எழுதினார். 1376-ல் நேரிலும் சென்று, மனிதருக்கு அஞ்ச வேண்டாம் என்று வற்புறுத்தினார். 1377 சனவரியில் பாப்பரசர் உரோமை வந்தடைந்தார்.

கத்தரீன் 1380-ல், தமது 33-ஆம் வயதில் இறந்தார். 1970-ல் திருச்சபை அவரை மறைவல்லுநராக உயர்த்தியது. ஒருகாலத்தில் மகளின் கூந்தலுக்காகக் கூச்சலிட்ட தாய் லாப்பாவும், பின்னர் மகளைப் போலவே புனித சாமிநாதர் மூன்றாம் சபையில் சேர்ந்துகொண்டார்.