காலில் அடிபட்ட பின் தங்கிவிடும் கட்டிகள்

பனிக்காலத்தில் புரோசார்டில் வாழும் எமக்குக் காலில் அடிபடுவது புதினமல்ல. வாசற்படியில் வழுக்கும், கார்க் கதவின் விளிம்பு முன்னங்காலில் மோதும். நீலம் பாரித்த இடம் இரண்டு கிழமையில் மாறிவிடுகிறது. ஆனால் தோலுக்கு அடியில் உருண்டையாக ஏதோ தட்டுப்படுகிறது. உடனே மனதில் பயம் பிடித்துக்கொள்கிறது.

பெரும்பாலும் இது உறைந்த குருதியே. அடிபட்டதும் சிறு குருதிக் குழாய்கள் வெடித்து, கசிந்த குருதி தோலின் கீழ் தேங்குகிறது. முன்னங்காலில் எலும்பு தோலுக்கு மிக அருகில் இருப்பதால் சிறு தேக்கமும் விரலுக்குத் தெரியும். உடல் இதை மெதுவாக உறிஞ்சிக்கொள்ளும். கிழமைகள், சிலவேளை மாதங்கள் எடுக்கும். சிலருக்குத் தோலின் கீழுள்ள கொழுப்பு நசிந்து, கெட்டியான முடிச்சாகத் தங்கிவிடும். அதுவும் தீங்கற்றதே.

எண்ணெய் பூசி அழுத்தி உருவுவது எம்மவர் வழக்கம். அடிபட்ட புதிதில் இது குருதிக் கசிவைக் கூட்டும். முதல் இரண்டு நாட்களும் ஐஸைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைத்தெடுத்து, காலை உயர்த்தி வைத்தால் போதும். ஊசியால் குத்திப் பார்க்கவே கூடாது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இது பெரும் ஆபத்து. குருதி உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் தாமாக அதை நிறுத்தாமல் வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

எம் பிள்ளைகள் செப்டம்பரில் பாடசாலையில் ஓடும் ஓட்டத்தின் நாயகன் டெரி பொக்ஸை அறிவோம். 1976 நவம்பரில் கார் விபத்தில் அவரது வலது முழங்காலில் அடிபட்டது. 1977 மார்ச்சில் அதே காலில் எலும்புப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. விபத்தே காரணமென அவர் எண்ணினார். வைத்தியர்கள் தொடர்பில்லை என்றனர். அடி புற்றுநோயை உண்டாக்குவதில்லை. ஆனால் "அடிபட்ட இடம்தானே" என்று, அங்கே ஏற்கனவே இருந்த வேறொரு கட்டியை நாம் கவனியாது விட்டுவிடலாம்.

ஆகவே கட்டியை அளந்து, திகதியுடன் கலண்டரில் எழுதி வையுங்கள். ஆறு கிழமையாகியும் சிறுக்காவிட்டால், வளர்ந்தால், 5 சென்ரிமீற்றரைத் தாண்டினால் வைத்தியரிடம் காட்டுங்கள்; ஒரு ஸ்கான் பெரும்பாலும் விடயத்தைத் தெளிவாக்கும். சிவந்து சூடேறிக் காய்ச்சல் வந்தாலோ, கெண்டைக்கால் வீங்கி நொந்தாலோ அன்றே காட்ட வேண்டும். மூச்சு முட்டினால் 911. குடும்ப வைத்தியர் இல்லாதவர்கள் 811ஐ அழைத்தால், இரவானாலும் தாதி ஒருவர் பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ பேசுவார். மொழிச் சிரமமுள்ள பெரியவர்களுக்காகப் பிள்ளைகள் அருகிலிருந்து பேசலாம்.