சொம்பு நல்லதுதான்... எந்த உலோகம்?

உங்கள் வீட்டுப் பரணில் பாட்டி காலத்துச் சொம்பு ஒன்று கிடக்கிறதா? இறக்கிக் கையில் எடுத்துப் பாருங்கள். கழுத்து ஒடுங்கியிருப்பதால் ஈரக்கையிலும் நழுவாது. வயிறு பருத்திருப்பதால் நிறையக் கொள்ளும். விளிம்பு வெளியே மடிந்திருப்பதால் சாய்த்தால் ஒரே தாரையாக விழும்.

நாற்காலி, மேஜை வடிவமைப்பில் பெரும் பெயர் எடுத்த அமெரிக்கத் தம்பதி சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ். நம் அரசாங்கம் அழைத்து இந்தியாவைச் சுற்றிப் பார்த்தவர்கள். 1958-ல் கொடுத்த அறிக்கையில், இங்கே பார்த்து வியந்த பொருட்களிலேயே தலைசிறந்தது என்று எதைச் சொன்னார்கள் தெரியுமா? வடக்கே 'லோட்டா' எனப்படும் இந்தச் சொம்பைத்தான்! யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைந்ததல்ல, பல தலைமுறைகள் கைபட்டுத் தேறிய வடிவம் என்றார்கள்.

வடிவத்துக்கு சர்டிபிகேட் கிடைத்துவிட்டது. ஆனால், எந்த உலோகச் சொம்பில் எதை ஊற்றலாம் என்பதை வைத்தியன்தான் சொல்ல வேண்டும்.

தாமிரச் சொம்பில் ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பது நல்ல பழக்கம். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள், தாமிரப் பாத்திரத்துத் தண்ணீரில் 16 மணி நேரத்தில் அழிந்துவிடுவதை 2012-ல் பெங்களூர் ஆய்வு ஒன்று காட்டியது. தண்ணீரில் இறங்கிய தாமிரமும் அனுமதித்த அளவுக்கு வெகு கீழேதான். வில்சன் நோய் உள்ளவர்களுக்கு மட்டும் இது ஆகவே ஆகாது.

தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மோர், எலுமிச்சை ஜூஸ், புளித்தண்ணீர் எதையும் ஊற்றாதீர்கள். புளிப்பு பட்டால் களிம்பு இறங்கி வாந்தி, வயிற்று வலியில் கொண்டுபோய் விடும். பித்தளையிலும் பெரும்பங்கு தாமிரம்தான். அதனால்தான் உள்ளே ஈயம் பூசினார்கள். பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிந்தால் மறுபடி பூசும்வரை சமையலுக்கு வேண்டாம். கைக்குழந்தைக்குப் பால் காய்ச்சவோ, ஊற்றி வைக்கவோ பித்தளையும் தாமிரமும் கூடவே கூடாது. குழந்தைகளின் கல்லீரல் சுருங்கிப் போகும் ஒரு கொடிய நோய்க்கும் இப்படிக் கொடுத்த பாலுக்கும் தொடர்பு இருப்பதை 1980-களில் புனே மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள்.

அடுத்து, ரசம் வைக்கும் ஈயச் சொம்பு. இங்கேதான் பெயரிலேயே ஒரு வில்லங்கம். வெள்ளீயமும் 'ஈயம்'தான், காரீயமும் 'ஈயம்'தான்! சித்த மருத்துவத்தில் இரண்டும் வெவ்வேறு சரக்கு. சொம்பு செய்ய வேண்டியது வெள்ளீயத்தில். காரீயம் மலிவு என்பதால் கலந்துவிடுகிறவர்களும் உண்டு. புளிப்பும் சூடும் சேர்ந்தால் அது ரசத்தில் இறங்கும். பெரியவர்களைவிடக் குழந்தைகள் உடம்பு அதை அதிகமாக உறிஞ்சும். ரத்தசோகை, ஞாபகக் குறைவு, படிப்பில் மந்தம் என்று மெதுவாகத் தெரியவரும். 'பையன் சோம்பேறி' என்று திட்டிக்கொண்டிருப்போம். இத்தனை அளவுவரை பரவாயில்லை என்று எதுவும் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சொம்பை வெள்ளைக் காகிதத்தில் அழுத்தித் தேயுங்கள். பென்சில் போலக் கறுத்த கோடு விழுந்தால் சந்தேகப்படுங்கள். கோடு விழாததால் மட்டும் சுத்தம் என்று ஆகிவிடாது. உலோகப் பரிசோதனை லேபில் கொடுத்தால், எக்ஸ்-ரே கருவியில் வைத்து, சொம்பைச் சிதைக்காமலே சொல்லிவிடுவார்கள். கொஞ்சம் செலவுதான், ஆனாலும் செய்துவிடுங்கள். பற்றவைத்து ஒட்டுப் போட்ட பழைய சொம்பு என்றால் ரசத்துக்கு வேண்டவே வேண்டாம். பற்றாசிலும் காரீயம் இருக்கும்.

நல்ல வெள்ளீயச் சொம்பு கிடைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அது 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். முதலில் புளித்தண்ணீரை ஊற்றுங்கள், அப்புறம் ஸ்டவ்வைப் பற்றவையுங்கள். ரசம் பொங்கி நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள்.