அடுத்தடுத்துக் கலையும் கருவும் எதிர்ப்புச் சக்தியும்



இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு சபையின் பெண்கள் சங்கத்திலிருந்து எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. அந்தச் சபையைச் சேர்ந்த ஓர் இளம் சகோதரிக்கு மூன்று முறை கரு கலைந்துவிட்டது. அதன்பின் கடன் வாங்கி இரண்டு முறை ஐ.வி.எஃப். செய்தார்கள். இரண்டு முறையும் கரு ஒட்டவில்லை. இப்போது ஒரு சிகிச்சை மையத்தில், "உங்கள் உடலின் எதிர்ப்புச் சக்தியே குழந்தையை அந்நியனாக எண்ணித் தள்ளிவிடுகிறது" என்று சொல்லியிருக்கிறார்கள். கணவரின் இரத்தத்திலிருந்து எடுத்த வெள்ளை அணுக்களை மனைவிக்கு ஊசியாகப் போட வேண்டுமாம். கூடவே விலை உயர்ந்த மருந்துகளைக் குளுக்கோஸ் ஏற்றுவதுபோல் ஏற்ற வேண்டுமாம். தாலிக்கொடி தவிர மற்ற நகையெல்லாம் ஏற்கெனவே அடகுக் கடையில் இருக்கிறது. "சங்கத்தில் சேர்ந்துள்ள பணத்தை இதற்குக் கொடுக்கலாமா? கொடுக்காவிட்டால் அந்தப் பிள்ளையைக் கைவிட்டதாக ஆகுமா?" என்று செயலாளர் அம்மா கேட்டிருந்தார்கள்.

இதே கேள்வி வேறு இடங்களிலிருந்தும் வருவதால், இம்மாதப் பாடத்தை இதற்கே ஒதுக்குகிறோம். அந்தத் தம்பதியரின் அனுமதியோடு, பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு எழுதுகிறேன்.

கேள்வி தொடங்கிய இடம்

பீட்டர் மெடவர் என்ற ஆங்கில விஞ்ஞானியைப் பற்றிச் சிலர் படித்திருப்பீர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், தீக்காயம் பட்டவருக்குப் பிறருடைய தோலை ஒட்டினால் அது ஏன் சில நாட்களில் வாடி உதிர்கிறது என்று ஆராய்ந்தவர் அவர். 1960-ல் நோபல் பரிசு பெற்றார். 1953-ல் அவர் ஒரு புதிரை முன்வைத்தார். குழந்தையின் உடலில் பாதி தகப்பனுடைய பங்கு. தகப்பனின் தோலில் ஒரு துண்டை எடுத்துத் தாயின் கையில் ஒட்டினால் அது நிற்காது. அப்படியிருக்க, அதே தகப்பனின் பங்கைத் தாங்கிய குழந்தையைத் தாயின் உடல் இத்தனை மாதம் எப்படிப் பொறுத்துக்கொள்கிறது?

நல்ல கேள்விதான். ஆனால் அதிலிருந்து சில அவசர விடைகளும் பிறந்தன. குழந்தை தங்காத தாய்க்குத் தகப்பனின் அணுக்களை முன்னதாகவே அறிமுகம் செய்துவைத்தால், அவள் உடல் பழகிக்கொள்ளும் என்று சிலர் எண்ணினார்கள். லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் (1928-ல் ஃபிளெமிங் பென்சிலினைக் கண்ட அதே இடம்) மோப்ரே என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் இதைச் சோதித்து, 1985-ல் முடிவை வெளியிட்டார்கள். கணவரின் அணுக்களைப் பெற்ற 22 பெண்களில் 17 பேருக்குக் குழந்தை பிறந்தது. தங்கள் சொந்த அணுக்களையே திரும்பப் பெற்ற 27 பேரில் 10 பேருக்குத்தான் பிறந்தது. செய்தி உலகமெங்கும் பரவியது. பல நாடுகளில் இந்த ஊசி வழக்கத்துக்கு வந்தது.

22 பேர், 27 பேர் என்பது சிறிய கணக்கு. அதைப் பெரிய அளவில் திரும்பச் செய்துபார்க்கப் பதினான்கு வருடம் ஆனது. அமெரிக்காவின் கரோல் ஓபரும் அவருடன் உழைத்தவர்களும் 1999-ல் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். யாருக்குக் கணவரின் அணுக்கள், யாருக்கு வெறும் உப்புநீர் என்பதைச் சீட்டுப் போடுவதுபோல் பிரித்திருந்தார்கள். கணவரின் அணுக்களைப் பெற்றவர்களில் 36 சதவீதத்தினருக்கே குழந்தை நிலைத்தது. உப்புநீர் பெற்றவர்களில் 48 சதவீதம்! அதாவது ஊசியால் பலன் இல்லை. தீங்குகூட இருக்கலாம் என்ற ஐயமும் எழுந்தது. 2002-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, அனுமதி பெற்ற ஆராய்ச்சிக்கு வெளியே இதைப் போடக்கூடாது என்று அறிவித்தது. இதை உபயோகிக்க வேண்டாம் என்றே ஐரோப்பிய மருத்துவர்களின் வழிகாட்டுதலும் சொல்கிறது. அடுத்தவர் அணுக்களை உடலில் செலுத்துவது இரத்தம் ஏற்றுவதற்குச் சமம். அதற்குரிய தொற்று அபாயமும் உண்டு.

அப்படியானால் "எனக்குப் பலித்ததே" என்று சாட்சி சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. இங்கே ஒரு முக்கியமான உண்மையை நாம் மனதில் வைக்கவேண்டும். லிவர்பூல் நகரில் செய்யப்பட்டு 1999-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பக் கரு கலைந்த பெண்களின் அடுத்த கர்ப்பங்களில் நான்கில் மூன்று நிலைத்தன. சிறப்பு மருந்து ஏதும் இல்லாமலே! வயது கூடக்கூட இந்த நம்பிக்கை குறையும். ஆனாலும் அது பெரிய நம்பிக்கை. அந்த நேரத்தில் எதைக் கொடுத்திருந்தாலும் அதற்கே பேர் கிடைத்திருக்கும்.

"கொலைகார அணுக்கள்" என்ற பெயர்

அந்தச் சகோதரியின் கோப்பில் 'நேச்சுரல் கில்லர்' அணுக்கள் அதிகம் என்று ஒரு தாள் இருந்தது. "என் உடம்பிலேயே கொலைகாரன் இருக்கிறானாம் டாக்டர்" என்று சொல்லி அழுதார்கள். ஒரு பெயர் எவ்வளவு வேதனை கொடுக்கிறது பாருங்கள்.

இந்த அணுக்கள் புற்று அணுக்களையும் வைரஸ் புகுந்த அணுக்களையும் அழிப்பதால் அந்தப் பெயர் வந்தது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் கருப்பையின் உட்சுவரில் இவற்றின் ஓர் இனம் திரளாகக் கூடுகிறது. அவை அங்கே குழந்தையைக் கொல்ல வருவதில்லை. தாயின் இரத்தக் குழாய்களை அகலப்படுத்தி, நஞ்சுக்கொடிக்குப் போதிய இரத்தம் வர வழிசெய்கின்றன என்பதே ஆராய்ச்சி காட்டுவது. கைநரம்பில் எடுத்த இரத்தத்தில் எண்ணப்படுவது இன்னொரு இனம். வாசலில் போகிறவர்களை எண்ணி, சமையலறையில் எத்தனை பேர் என்று சொல்வதுபோல் இருக்கிறது அந்தப் பரிசோதனை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஆஷ்லி மொஃபெட் இதைப் பல வருடங்களாக எடுத்துச் சொல்லிவருகிறார்.

இதற்கு மருந்தாக எழுதப்படுபவற்றில் ஒன்று இன்ட்ராலிப்பிட். பால்போல் வெள்ளையாக இருக்கும். சோயா எண்ணெயில் செய்தது. வாயால் உண்ண முடியாத நோயாளிக்கு உணவாக ஏற்றுவதற்கென்று உண்டாக்கப்பட்டது. இன்னொன்று ஸ்டீராய்டு மாத்திரை. ஐ.வி.எஃப். பலமுறை தோற்ற 715 பெண்களுக்குச் சீனாவில் நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வில், ஸ்டீராய்டு பெற்றவர்களில் 37.8 சதவீதத்தினரும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 38.8 சதவீதத்தினரும் உயிருள்ள குழந்தை பெற்றார்கள். வித்தியாசம் இல்லை. குறைமாதப் பிரசவம் ஸ்டீராய்டு பெற்றவர்களிடம் அதிகமாக இருந்தது. கருத்தரிப்பு மையங்களைக் கண்காணிக்கும் பிரிட்டன் அரசு அமைப்பு, கருத்தரிப்புக்கான இத்தகைய எதிர்ப்புச் சக்தி சிகிச்சைகளுக்குச் சிவப்புக் குறியிட்டிருக்கிறது.

மூன்றாவது மருந்து இம்யூனோகுளோபுலின். இதைப் பற்றி நியாயமாகச் சொல்லவேண்டும். நான்கு முறையோ அதற்கு மேலோ காரணம் தெரியாமல் கரு கலைந்த பெண்களுக்கு, கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே அதிக அளவில் கொடுத்ததில் பலன் தெரிந்தது என்று 2022-ல் ஜப்பானிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. சிறிய ஆய்வுதான்; ஆனாலும் கதவு முழுவதும் அடைபடவில்லை. நாம் பேசும் சகோதரி அந்தக் கூட்டத்தில் வரவில்லை. மேலும் இந்த மருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் இரத்தத் திரவத்தைச் சேர்த்துப் பிரித்தெடுப்பது. பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி இல்லாத குழந்தைகளுக்கு அது இல்லாமல் முடியாது. வருடந்தோறும் இரத்ததானம் செய்யும் நம் வாலிபர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

உண்மையாகவே எதிர்ப்புச் சக்தி காரணமாகும் நோய்

இத்தனையும் சொன்னபின், எதிர்ப்புச் சக்தியால் கரு கலைவதே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நிச்சயமாக ஒரு நோய் உண்டு. அதற்கு மருந்தும் உண்டு. வருத்தம் என்னவென்றால், மற்றவற்றின் இரைச்சலில் இதைத் தேட மறந்துவிடுகிறார்கள்.

1983-ல் லண்டனில் கிரஹாம் ஹியூஸ் என்ற மருத்துவர் இதை விளக்கினார். இதன் பெயர் ஆன்டிபாஸ்போலிப்பிட் சின்ட்ரோம். உடல் தன் சொந்த அணுக்களின் மேலுறையோடு ஒட்டும் புரதங்களுக்கு எதிராகவே சில எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. அவை இரத்தத்தை எளிதில் உறையச் செய்கின்றன. நஞ்சுக்கொடி கருப்பையில் வேர்விடுவதையும் தடுக்கின்றன. இங்கே தாக்கப்படுவது தகப்பனின் பங்கு அல்ல என்பதைக் கவனியுங்கள்.

பழைய செவிலியர்களுக்கு இதன் ஒரு விநோதம் தெரிந்திருக்கும். கர்ப்பிணிகளுக்கு மேகநோய் உண்டா என்று பார்க்கும் வி.டி.ஆர்.எல். பரிசோதனையில் கார்டியோலிப்பின் என்ற பொருளே உபயோகிக்கப்படுகிறது. இந்த எதிர்ப்பொருள் உள்ள பெண்ணுக்கு அந்த நோய் இல்லாமலே பரிசோதனை 'பாசிட்டிவ்' என்று வரக்கூடும். குழந்தையை இழந்தவள், அதன்மேல் பழியும் சுமப்பாள். வேறு முறையில் உறுதிசெய்யாமல் எந்த வீட்டிலும் அந்த வார்த்தையைப் போடக்கூடாது.

சிகிச்சை என்ன? மறுபடியும் அதே செயின்ட் மேரீஸ். அங்கே ராய், ரீகன் ஆகியோரின் குழு 1995-ல், மருந்தில்லாமல் விடப்பட்ட இப்படிப்பட்ட பெண்களில் பத்தில் ஒன்பது பேர் கருவை இழந்ததாகக் காட்டியது. 1997-ல் 90 பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஆஸ்பிரின் மட்டும் பெற்ற 45 பேரில் 19 பேர் குழந்தை பெற்றார்கள். சிறு அளவு ஆஸ்பிரினோடு, தோலுக்கடியில் ஹெப்பாரின் ஊசியும் போட்ட 45 பேரில் 32 பேர் பெற்றார்கள். இன்றும் இதுவே முதன்மையான சிகிச்சை. ஹெப்பாரின் மூலக்கூறு பெரிது. நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையிடம் போகாது. வயிற்றில் தாங்களே போட்டுக்கொள்ளப் பெண்கள் ஒரு நாளில் கற்றுக்கொள்கிறார்கள். கணவன்மார்தான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

பரிசோதனையில் மூன்றைப் பார்க்கவேண்டும்: லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீனுக்கு எதிரான பொருள். ஒருமுறை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. ஒரு காய்ச்சல்கூட இவற்றைச் சில வாரங்களுக்கு உயர்த்திவிடும். ஆகவே குறைந்தது 12 வாரம் கழித்துத் திரும்பப் பார்க்கிறோம். இல்லாத நோய்க்கு மாதக்கணக்கில் ஊசி போடுவதும் சரியல்ல. ஹெப்பாரின் எலும்பைப் பலவீனப்படுத்தக்கூடும், தட்டணுக்களைக் குறைக்கக்கூடும்.

அந்தக் கடிதத்துக்குப் பதில்

செயலாளர் அம்மாவுக்கு நான் எழுதியது இது: வெள்ளை அணு ஊசிக்கும் ஏற்றும் மருந்துகளுக்கும் இப்போது பணம் கொடுக்காதீர்கள். கைவிட்டதாக ஆகாது. முதலில் இருவரையும் எங்களிடம் அனுப்புங்கள்.

வந்தார்கள். கோப்பு ஒரு செங்கல் கனம் இருந்தது. அதற்குள் கொலைகார அணுக்களின் கணக்கு இரண்டு தடவை எடுத்தது இருந்தது. நான் மேலே சொன்ன மூன்று பரிசோதனைகளில் ஒன்றுகூட இல்லை. கலைந்த கருவின் குரோமோசோமைப் பார்த்த தாளும் இல்லை. முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் பிழையே காரணம், ஐ.வி.எஃப். கரு ஒட்டாததற்கும் பெரும்பாலும் அதுவே காரணமாக இருக்கிறது. அதில் தாய் செய்த தவறு ஒன்றுமில்லை. பளு தூக்கியதாலும் பப்பாளி தின்றதாலும் என்று மாமியார் சொன்னதையெல்லாம் அந்தச் சகோதரி வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் "இல்லைதானே டாக்டர்?" என்று கேட்டுக்கொண்டார்கள்.

சங்கத்தார் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 1984-ல் நார்வேயிலிருந்து வந்த ஓர் ஆய்வில், கர்ப்பத்தின் தொடக்கத்தில் வாரந்தோறும் வரவழைத்து, பரிசோதித்து, தைரியம் சொல்லி அனுப்பிய பெண்களில் மிக அதிகமானோர் குழந்தை பெற்றார்கள். சீட்டுப் போட்டுப் பிரித்த ஆய்வு அல்ல. ஆகவே அந்த எண்ணை நான் ஆதாரமாக வைக்கமாட்டேன். ஆனால் பஸ் கட்டணத்துக்கும், கூட ஒரு ஆள் வருவதற்கும் பக்கவிளைவு கிடையாது. அன்னாளின் கதையில் அவளை அதிகம் காயப்படுத்தியது பெனின்னாள் என்றுதான் நாம் பிரசங்கிக்கிறோம். ஆலயத்தில் அவள் வாய் அசைவதைப் பார்த்துக் குடித்திருக்கிறாள் என்று நினைத்த ஏலியை மறந்துவிடுகிறோம். ஞானஸ்நான ஆராதனைக்கு இந்தச் சகோதரி வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவேண்டாம்.

முதல் பரிசோதனையில் ஆன்டிகார்டியோலிப்பின் உயர்ந்திருக்கிறது. இரண்டாவது பரிசோதனைக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதுவரை கர்ப்பம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். சங்கத்தின் பணத்தைப் பொருளாளர் அவர்கள் பெயரிலேயே தனிக் கவரில் வைத்திருக்கிறார். ஹெப்பாரின் தேவைப்பட்டால் அதிலிருந்து எடுப்போம்.