வரவு இடாப்பில் இல்லாத பெயர்கள்

ஆசிரியர் தினமாகிய ஒக்டோபர் 6 வந்தால், ஆசிரியரை மெழுகுவர்த்திக்கும் ஏணிக்கும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுவது எமது பாடசாலைகளின் வழக்கம். ஆறாம் தரத்திலிருந்து நானும் அப்படித்தான் எழுதி வந்திருக்கிறேன். இம்முறை உவமைகளை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஓர் ஆசிரியையின் வாழ்க்கையை அது நடந்தபடியே ஆராய்ந்து எழுத விரும்புகிறேன். அவர் பெயர் பெற்ற கல்விமான் அல்லர். பட்டங்களோ விருதுகளோ அவரிடம் இல்லை. மன்னாரில் பிறந்து புத்தளத்தில் முதுமையடைந்த ஒரு சாதாரணப் பாடசாலை ஆசிரியை. அவர் எனது உம்மும்மா.

இக்கட்டுரைக்காக விடுமுறை நாட்களில் அவருடனும் எனது உம்மாவுடனும் உட்கார்ந்து பேசினேன். உம்மும்மா பாதுகாத்து வைத்திருந்த ஒரு கொப்பியையும் வாசித்தேன்.

காலப் பின்னணி

இலங்கை முஸ்லிம்களிடையே நவீன கல்விக்காகக் குரல் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் அறிஞர் எம்.ஸி. சித்திலெப்பை (1838 - 1898). 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை ஆரம்பித்த அவர், கண்டியில் பெண்பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலையையும் தொடங்கினார். பின்னர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாடசாலையின் கதவு எல்லோருக்கும் திறந்தது. ஆனால் கதவு திறந்திருப்பதும், ஒரு பெண்பிள்ளை ஒவ்வொரு நாளும் அதனூடாக உள்ளே போவதும் ஒன்றல்ல. இடையில் வீடு இருக்கிறது, வறுமை இருக்கிறது, ஊர்ப் பேச்சு இருக்கிறது. அந்த இடைவெளியிலேதான் உம்மும்மா போன்ற ஆசிரியைகள் வேலை செய்தார்கள்.

கலாசாலையும் கிராமமும்

உம்மும்மா 1953இல் மன்னார்த் தீவில் பிறந்தவர். அவரது வாப்பா கடல் தொழிலாளி. ஆசிரியர் பயிற்சிக்கு அளுத்கம முஸ்லிம் மகளிர் ஆசிரியர் கலாசாலைக்குத் தெரிவானபோது, "குமர்ப்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா?" என்று உறவினர்கள் தடுத்தார்களாம். வாப்பா ஒன்றும் பேசாமல் மகளைத் தலைமன்னார் புகையிரதத்தில் ஏற்றிக் கொழும்புக்குக் கூட்டிச் சென்று, அங்கிருந்து கரையோரப் பாதையில் அளுத்கமவில் கொண்டுபோய் விட்டார். திரும்பும்போது, "படிச்சி முடிச்சி ஊருக்கே வந்திடு, மகள்" என்று மட்டும் சொன்னாராம். அவர் சொன்னபடியே ஊருக்கு வந்து கற்பித்தார்.

அக்காலத்தில் ஊர் ஆண்கள் பலர் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். அவர்களிடமிருந்து வரும் கடிதங்களை வாசித்துக் காட்டும்படி பெண்கள் பின்னேரங்களில் உம்மும்மாவின் வீட்டுக்கு வருவார்கள். குர்ஆன் ஓதத் தெரிந்தும் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாதவர்கள் அவர்கள். ஒரு நாள் ஓர் இளம் மனைவி, தன் கணவரின் கடிதத்தை உம்மும்மா உரக்க வாசிக்கும்போது வெட்கத்தால் முகத்தை மூடிக்கொண்டாராம். "ஒருத்திர கடிதத்த இன்னொருத்தி வாசிக்கிறது சரியில்ல, மகள். அவளே வாசிக்க வேணும்" என்று உம்மும்மா என்னிடம் கூறினார். அடுத்த வாரமே திண்ணையில் பனையோலைப் பாய் விரித்து, தாய்மாருக்கு அகரம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். அதற்குச் சம்பளம் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை.

1990 ஒக்டோபர்

1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் தொகை ஏறத்தாழ 75,000. மன்னார்த் தீவு மக்கள் பலர் படகுகளில் கற்பிட்டிக் கரையை அடைந்தார்கள். உம்மும்மாவின் குடும்பமும் அவ்வாறே வந்தது. ஐந்து பிள்ளைகள். மூத்தவர் எனது உம்மா, அப்போது அவருக்கு வயது 12. கடைசிப் பிள்ளை கைக்குழந்தை.

"எதைக் கொண்டு வந்தீங்க, உம்மும்மா?" என்று கேட்டேன்.

"புள்ளைகளத்தான். வேற என்னத்தக் கொண்டு வாற? என்ட வகுப்பு இடாப்பு ஸ்கூல் அலுமாரிக்குள்ளேயே போயிட்டு" என்றார்.

முகாமில் தென்னங்கிடுகால் வேய்ந்த குடிசை ஒன்று கிடைத்தது. முதல் மாதத்திலேயே உம்மும்மா கறுத்த மட்டை போட்ட சீ.ஆர். கொப்பி ஒன்றை வாங்கி, தனது வகுப்பிலிருந்த 34 பிள்ளைகளின் பெயர்களையும் நினைவிலிருந்து எழுதினார். எந்தப் பிள்ளை எந்த முகாமில் இருக்கிறது என்று விசாரித்து, பெயருக்கு நேரே குறித்துக்கொண்டார். நான் வாசித்த கொப்பி இதுதான்.

கொப்பியின் இரண்டாம் பகுதி

புத்தளத்தில் பாடசாலைகள் இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்காகப் பிற்பகல் நேரத்திலும் நடத்தப்பட்டன. காலையில் ஊர்ப் பிள்ளைகள், பிற்பகலில் அகதிப் பிள்ளைகள். அவ்வாறான ஒரு பிற்பகல் பாடசாலையில் உம்மும்மா மீண்டும் கற்பித்தார். அங்கேதான் கொப்பியின் இரண்டாம் பகுதி ஆரம்பமாகிறது. அதில் ஐந்து நிரல்கள்: பெயர், வயது, நின்ற திகதி, காரணம், மீண்டு வந்த திகதி. பாடசாலையை விட்டு நின்ற பெண்பிள்ளைகளின் பட்டியல் அது. மொத்தம் 47 பெயர்கள்.

காரணங்களை வாசிக்கும்போது அக்காலம் கண்முன்னே வருகிறது. "சட்டை இல்லை." அரசாங்கம் இலவசச் சீருடைத் துணி வழங்கத் தொடங்கியது 1993இல்தான், இக்காரணம் எழுதப்பட்ட இடங்கள் எல்லாம் அதற்கு முந்தியவை. "பெரிய பிள்ளையாகிவிட்டாள்." "தண்ணீர் எடுக்க ஆள் இல்லை." "தாய் வேலைக்குப் போவதால் வீடு பார்க்க." இந்தக் கடைசிக் காரணமே அதிகம். கற்பிட்டிப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களுக்கும் மிளகாய்த் தோட்டங்களுக்கும் தாய்மார் விடியற்காலையில் கூலிக்குப் போவார்கள். மூத்த பெண்பிள்ளை தம்பி தங்கைகளை வைத்துக்கொண்டு குடிசையில் நிற்பாள். பிள்ளைகளைக் கட்டாயம் பாடசாலைக்கு அனுப்ப வேண்டும் என்ற ஒழுங்குவிதி 1998இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அன்று உம்மும்மாவின் கையில் சட்டம் இல்லை. அவரால் செய்ய முடிந்தது, குடிசை குடிசையாகப் போவது மட்டும்தான்.

"முதல்ல தாய்மாரை ஏசினேன். 'புள்ளட வாழ்க்கைய நாசமாக்காதீங்க' எண்டு சொன்னேன். ஒருத்தரும் அனுப்பல்ல" என்று உம்மும்மா கூறினார்.

உம்மாவின் பெயர்

கொப்பியின் ஒரு பக்கத்தில் நான் எதிர்பாராத பெயர் ஒன்று இருந்தது. அது எனது உம்மாவின் பெயர். வயது 14. நின்றது 1992 மார்ச். காரணம்: "தாய் வேலைக்குப் போவதால் வீடு பார்க்க."

எனக்கு உடனே விளங்கவில்லை. உம்மாவிடம் போய்க் கேட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்த உம்மா கையை நிறுத்தாமலே பதில் சொன்னார்.

"சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. வாப்பா கூலிக்குப் போவார். உம்மா பிற்பகல் ஸ்கூலுக்குப் போவா, பிறகு குடிசை குடிசையாப் போவா. ஊர்ப் புள்ளைகள எல்லாம் தேடிப் போற உம்மாவுக்கு வீட்டுல ஒருத்தி நிண்டது தெரியல்லயே எண்டு எனக்குச் சரியான கோவம். ஒரு நாள் இரவு பேனை தேடிக் கொப்பியத் திறந்தேன். என்ட பேர் இருந்திச்சி."

பிறகு உம்மும்மாவிடம் கேட்டேன்: "சொந்த மகளின் பெயரை ஏன் அதில் எழுதினீங்க?"

"மத்தவங்கட புள்ளைக்கு ஒரு கணக்கு, எங்கட புள்ளைக்கு ஒரு கணக்கா, மகள்? எழுதிப் பார்த்த பிறகுதான் எனக்கே விளங்கினது. வெங்காயத் தோட்டத்துக்குப் போற தாயும் நானும் ஒண்டுதான். நான் அவங்கள ஏசினது பிழை."

இந்த இடமே உம்மும்மாவின் வாழ்க்கையில் முக்கியமான திருப்பம் என்பது எனது கருத்து. அதன் பின்னர் அவர் தாய்மாரை ஏசவில்லை. முகாமில் வேலைக்குப் போகாத வயதான பெண்கள் மூவரிடம் பேசி, பிற்பகலில் சின்னப் பிள்ளைகளை முறை வைத்துப் பார்த்துக்கொள்ள ஒழுங்கு செய்தார். அப்படியும் விட முடியாத குழந்தைகளை அக்காமார் வகுப்புக்கே தூக்கி வரலாம் என்றார். வகுப்பறையின் பின்பக்கத்தில் ஒரு பாய் விரிக்கப்பட்டது. சத்தமாக இருக்கிறது என்று சிலர் முறைப்பட்டார்கள். ஆனால் ஐந்தாவது நிரலில் திகதிகள் விழத் தொடங்கின. 47 பெயர்களில் 29 பேர் மீண்டு வந்தார்கள். எனது உம்மாவின் பெயருக்கு நேரே "1993 ஜனவரி" என்று இருக்கிறது.

மீதி 18 பெயர்களுக்கு நேரே வெறும் இடம்தான். அந்தப் பெயர்கள் இன்றும் உம்மும்மாவுக்கு மனப்பாடம். சிலர் இப்போது பேரப்பிள்ளை கண்டவர்கள். பெருநாளைக்கு "டீச்சர்" என்று வீடு தேடி வருகிறார்கள். அவர்களிடம் உம்மும்மா முதலில் கேட்பது, "புள்ளைகள் படிக்குதா?" என்பதுதான்.

உம்மா 1995இல் சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்தார். ஆனால் இழந்த பத்து மாதத்தில் கணிதம் பின்தங்கிவிட்டது. விரும்பிய பாடங்களை உயர்தரத்தில் படிக்க முடியவில்லை. இதை மறைத்து எழுதினால் இக்கட்டுரை உண்மையாகாது. உம்மும்மா 2013இல் ஓய்வு பெற்றார். பிரிவுபசார விழாவில் எல்லோரும் அவரைப் புகழ்ந்து பேசினார்களாம். வீட்டுக்கு வந்ததும் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி உம்மாவின் கையில் கொடுத்து, "அந்தப் பத்து மாசத்துக்கும் நான் உனக்குக் கடன்பட்டிருக்கன்" என்றாராம். அந்த மாலையின் சரிகை நூல் இன்னும் உம்மாவின் அலுமாரியில் இருக்கிறது.

நாம் கற்பவை

முதலாவது, வகுப்பில் இருக்கும் பிள்ளைக்குக் கற்பிப்பது ஆசிரியரின் கடமை. வராத பிள்ளையைத் தேடிப் போவதும் அதில் அடங்கும் என்பதை உம்மும்மாவின் கொப்பி காட்டுகிறது.

இரண்டாவது, ஒரு பிள்ளை பாடசாலையை விட்டு நின்றால் பெற்றோரைக் குற்றம் சொல்வது இலகு. காரணத்தைக் கேட்டு, அந்தக் காரணத்துக்கு வழி செய்வதே பயன் தரும். ஏச்சால் வராத பிள்ளைகள் ஒரு பாயால் வந்தார்கள்.

மூன்றாவது, சமூகத்துக்காக உழைப்பவரின் வீட்டில் அந்த உழைப்பின் ஒரு பங்கை வேறு யாரோ சுமக்கிறார்கள். பெரும்பாலும் மூத்த மகள். மேடையில் ஒருவரைப் பாராட்டும்போது, அவர் வீட்டில் சோறு ஆக்கியவரையும் நினைக்க வேண்டும்.

இன்று நான் உயர்தரத்தில் கலைப்பிரிவில் படிக்கிறேன். உம்மா நின்ற இடத்திலிருந்து நான் தொடர்கிறேன் என்பது இக்கட்டுரையை எழுதிய பின்னரே எனக்குத் தெளிவானது. ஆசிரியையாக வேண்டும் என்ற எண்ணம் முன்பே இருந்தது. இப்போது அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது.

அன்பான சகோதரிகளே, உங்கள் வகுப்பில் ஒரு கதிரை சில நாட்களாக வெறுமையாக இருந்தால், ஆசிரியர் கேட்கும் வரை காத்திராமல் அந்தத் தோழியின் வீட்டுக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். அன்பான பெற்றோர்களே, யாராவது அப்படித் தேடி வந்தால், உண்மையான காரணத்தை வெட்கப்படாமல் சொல்லுங்கள். சொன்னால்தான் வழி பிறக்கும்.

வல்ல அல்லாஹ் எனது உம்மும்மாவுக்கும், அவரைப் போன்று அறியப்படாமல் உழைத்த எல்லா ஆசிரியைகளுக்கும் நீண்ட ஆயுளையும் நற்கூலியையும் வழங்குவானாக. ஆமீன்.

க.பொ.த. உயர்தர மாணவி,
கலைப்பிரிவு