புலமை என்பது யாது?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

"பெரிய படிப்பாளி" என்று எங்கள் தெருவில் என்னை அழைக்கிறார்கள். ஆரணியில் பட்டுத் தறியை நம்பி வாழும் எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆயினும் அந்தப் பெயரைக் கேட்கும்போது பெருமையைவிடக் கூச்சமே மிகுதியாக வருகிறது. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

புலமை என்பது யாது? பல நூல்களை மனப்பாடம் செய்வதா? பெயருக்குப் பின்னால் பட்டங்களை அடுக்குவதா? இவ்வினாக்களுக்கு, தமிழ்த் தாத்தா எனப் போற்றப்படும் உ. வே. சாமிநாதையரின் வாழ்விலே விடை இருக்கிறது.

1880-ஆம் ஆண்டு. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த அவருக்கு வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர்; அந்தாதி, கலம்பகம், புராணம் எனப் பல கற்றவர். அவ்வூருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார் அவரிடம், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். அந்நூலை ஐயர் அதுவரை படித்ததில்லை. ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவரோ முதலியார் தந்த பிரதியை வாங்கிவந்து, முதற்பாட்டிலிருந்து படிக்கத் தொடங்கினார்.

படிக்கப் படிக்க ஐயங்கள் பெருகின. நம் ஆரணிக்கு அருகிலுள்ள பூண்டியிலும் திருமலையிலும் சமணக் கோயில்களை நாம் கண்டிருக்கிறோம் அல்லவா? அந்தச் சமண சமயத்தின் காப்பியமே சிந்தாமணி. சைவ நூல்களில் ஊறிய ஐயருக்கு அச்சமயச் சொற்கள் விளங்கவில்லை. ஊரிலிருந்த சமணர் வீடுகளுக்குச் சென்று கேட்டார். கல்லூரி ஆசிரியர் பிறரிடம் போய்க் கேட்பதா என்று அவர் நாணவில்லை. ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து, பாடங்களை ஒப்பிட்டு, 1887-இல் சிந்தாமணியை அச்சிட்டார்.

1894-இல் அவர் பதிப்பித்த புறநானூறு இன்னும் பெரிய பாடம் சொல்கிறது. 400 பாடல்கள் கொண்ட அந்நூலில் 267, 268 ஆகிய இரண்டும் கிடைக்கவில்லை. வேறு சில பாடல்களில் அடிகள் சிதைந்திருந்தன. செய்யுள் இயற்றவல்ல ஐயர் நினைத்திருந்தால் அந்த இடங்களைத் தாமே நிரப்பியிருக்க முடியும். அவர் செய்யவில்லை. இல்லாததை இல்லை என்றே காட்டினார். கல்லூரிப் பட்டம் எதுவும் பெறாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1932-இல் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது.

இப்போது என் கூச்சத்தின் காரணத்தைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு ஆய்வுக்கூடத்தில் தனி ஊசல் சோதனை செய்தேன். புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வரவேண்டும்; எனக்கு 9.4 வந்தது. யாரும் பார்க்காதபோது அளவுகளைத் திருத்தி, பதிவேட்டில் 9.8 என எழுதிவிட்டேன்.

அன்று மாலை அப்பா தறியை நிறுத்திவிட்டு, அறுந்துபோன பாவு இழை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். "ஒரு இழைதானே, யாருக்குப்பா தெரியும்?" என்றேன். "நெய்யறவனுக்குத் தெரியும்பா. விட்டுட்டா புடவை நெடுக கோடு ஓடும். நின்னு முடி போட்டுட்டுத்தான் மேல நெய்யணும்" என்றார். பள்ளிப் படிப்பை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவர் அவர். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் ஆசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சினவாமல், மீண்டும் அளக்கச் சொன்னார். பிழை தெரிந்தது. நூலின் நீளத்தை மட்டும் அளந்த நான், குண்டின் மையம் வரை அளக்கத் தவறியிருந்தேன்! பொய்யான 9.8-லேயே நின்றிருந்தால் இது எனக்கு என்றுமே தெரியாமல் போயிருக்கும்.

நண்பர்களே, தமிழில் நெய்வதற்கும் நூல், படிப்பதற்கும் நூல். இரண்டிலும் அறுந்த இடத்தை மறைக்கலாகாது. தெரியாததைத் தெரியாது என ஒப்புக்கொள்வதும், தெரிந்தவர் எவராயினும் அவரிடம் சென்று கேட்பதும், கண்டதைக் கண்டவாறு எழுதுவதுமே புலமை. நம்முள் பலர் நம் வீட்டில் முதன்முதலாகப் பேனா பிடித்தவர்கள். பட்டம் நமக்கு மூன்று ஆண்டுகளில் கிடைத்துவிடும். "படிப்பாளி" என்ற பெயருக்கு நாம் தினமும் தகுதி தேடிக்கொள்ள வேண்டும்.