காயா, பழமா? ஸ்பானிய மிளகாய் விதை கற்றுத்தந்த பாடம்

விடுமுறைப் பயணம் முடிந்து வீடு திரும்பும்போது உங்கள் பையில் என்னவெல்லாம் இருக்கும்? சாவிக்கொத்து, குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் காந்த வில்லை, உறவினர்களுக்குச் சாக்லெட். என் கைப்பையில் ஒருமுறை மெல்லிய தாளில் மடித்த மிளகாய் விதைகள் இருந்தன. அந்த விதைகளால் நான் செய்த தவறு ஒன்றல்ல, இரண்டு. இரண்டிலும் அறிவியல் இருப்பதால் அவற்றையே இந்த வாரப் பாடமாக்குகிறேன்.

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் கலீசியா என்ற மழை மிகுந்த வட்டாரம் உள்ளது. அங்குள்ள பத்ரோன் என்னும் சிற்றூரின் பெயரால் வழங்கும் மிளகாய் உலகப் புகழ் பெற்றது. நீளம் ஏறத்தாழ ஒரு கட்டைவிரல் அளவுதான். பச்சையாக இருக்கும்போதே பறித்து, ஆலிவ் எண்ணெயில் தோல் கொப்பளிக்கும்வரை வதக்கி, மேலே கல்லுப்பைத் தூவிக் கொடுப்பார்கள். காம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே கடிக்க வேண்டியதுதான். பெரும்பாலானவை குடைமிளகாய்போல் சாதுவாக இருக்கும். திடீரென்று ஒன்று நாக்கைச் சுட்டுவிடும்! ‘சில உறைக்கும், சில உறைக்காது’ என்று அவ்வூர் மக்கள் அதைச் சொலவடையாகவே வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சுவை பிடித்துப்போய், சந்தையில் வாங்கிய பச்சைக் காய்கள் இரண்டைத் தங்கும் விடுதியில் கீறி விதைகளை எடுத்து வந்தேன். வீட்டில் 24 விதைகளை ஊன்றினேன். மண் சரி, ஈரம் சரி, வெப்பம் சரி. மூன்று வாரம் ஆகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை.

இந்தக் கதையை வகுப்பில் சொன்னபோது படிவம் 2 மாணவி ஒருத்தி கை தூக்கினாள். “டீச்சர், நீங்க வாங்கினது காயா, பழமா?”

பல ஆண்டுகளாக அறிவியல் கற்பிக்கும் எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை!

பெயரிலேயே ஒளிந்திருந்த விடை

தமிழில் மாங்காய் வேறு, மாம்பழம் வேறு. ஆனால் மிளகாய் சிவந்து பழுத்த பிறகும் நமக்கு மிளகாய்தான். அதனால்தான் அது ஒரு கனி என்பதும், பச்சை மிளகாய் என்பது முதிராத கனி என்பதும் நமக்கு மறந்துபோகின்றன.

பூவில் மகரந்தச் சேர்க்கை நடந்தபின் சூலகம் கனியாக வளர்கிறது, சூல்கள் விதைகளாக மாறுகின்றன. கனியின் வளர்ச்சியும் விதையின் வளர்ச்சியும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. காய் முதலில் பருமனாகிவிடும். அப்போதும் உள்ளே இருக்கும் விதையில் முளைக்கரு முழுமை பெற்றிருக்காது. அதற்கான உணவும் போதுமான அளவு சேர்ந்திருக்காது. பூ விரிந்து ஏறத்தாழ 50 முதல் 60 நாளில் கனி சிவக்கும்போதுதான் விதை முதிர்ச்சி அடைகிறது. பத்ரோன் மிளகாயோ அதற்குப் பல நாள் முன்னரே பறிக்கப்படுகிறது. நான் ஊன்றியவை பார்ப்பதற்கு விதைகள். உள்ளே இருந்ததோ பாதியில் நின்றுபோன வளர்ச்சி.

கனியின் நிறத்துக்கும் இதில் பங்கு உண்டு. காட்டு மிளகாய்களை உண்டு விதைகளைப் பரப்புபவை பறவைகள். காரத்தைத் தரும் கேப்சைசின் என்ற வேதிப்பொருள் பாலூட்டிகளின் நாக்கைச் சுடும். பறவைகளுக்கு அது உறைக்காது. விதை முதிரும்வரை கனி இலையோடு இலையாகப் பச்சை நிறத்தில் மறைந்திருக்கிறது. முதிர்ந்ததும் சிவந்து பறவையை அழைக்கிறது. அந்த அழைப்பு வருமுன் நாம் விதையை எடுத்தால் பயனில்லை.

எனவே பயணத்தில் தட்டில் கிடைக்கும் வதக்கிய மிளகாயின் விதை முளைக்காது. கொதிக்கும் எண்ணெயின் வெப்பம் முளைக்கருவைக் கொன்றுவிடும். பச்சைக் காயின் விதையும் பெரும்பாலும் முளைக்காது. ஸ்பானியச் சந்தைகளில் சரம் சரமாகத் தொங்கும் ‘ஞோரா’ போன்ற உலர்ந்த சிவப்பு மிளகாயின் விதை முளைக்க வாய்ப்புண்டு. அது பழுத்தபின் பறித்து உலர்த்தப்பட்டது.

விதையோடு வரும் அழையா விருந்தாளிகள்

‘அப்படியானால் அடுத்த முறை சிவப்பு மிளகாய் விதையைக் கொண்டுவரலாமே’ என்று நினைக்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள். என் இரண்டாவது தவறு அதுதான். 1976ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்துதல் சட்டத்தின்படி, நம் நாட்டுக்குள் செடியோ விதையோ கொண்டுவர இறக்குமதி அனுமதி பெற வேண்டும். நானோ அனுமதி எதுவும் கேட்காமல் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ‘சின்ன விதைதானே’ என்று நினைத்தது என் அறியாமை.

சின்ன விதைக்கு ஏன் இத்தனை கெடுபிடி? புகையிலைத் தேமல் வைரசின் குடும்பத்தைச் சேர்ந்த சில வைரஸ்கள் மிளகாயையும் தக்காளியையும் தாக்குகின்றன. அவை விதையுறையின் மேல் ஒட்டிக்கொண்டு நெடுநாள் வீரியத்தோடு இருக்கும். நாற்றைப் பிடுங்கி நடும்போது ஏற்படும் நுண்ணிய காயம் போதும், உள்ளே நுழைந்துவிடும். பிறகு நம் கையும் கத்தரிக்கோலும் அதை அடுத்த செடிக்குக் கொண்டுபோகும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் விதை நோயற்ற விதை என்று சொல்லிவிட முடியாது.

இதை நம் மண்ணின் கதையோடு பொருத்திப் பாருங்கள். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. சில கோலகங்சாரில் நடப்பட்டன. நம் பாட்டன் பூட்டன்மார் பால் வெட்டிய தோட்டங்களின் தொடக்கம் அதுதான்.

ரப்பரின் பிறந்தகமான தென்னமெரிக்காவில் அதன் இலைகளைக் கருகச் செய்யும் ஒரு பூஞ்சை நோய் உண்டு. நல்லவேளையாக அது கன்றுகளோடு கப்பலேறவில்லை. 1920களின் இறுதியில் அமேசான் காட்டில் ஹென்றி ஃபோர்டு தொடங்கிய ஃபோர்டுலாண்டியா ரப்பர்த் தோட்டத்தை அழித்ததில் அந்நோய்க்குப் பெரும் பங்கு உண்டு. 1945இல் அத்திட்டமே கைவிடப்பட்டது. இங்கே தோட்டங்கள் செழித்ததற்கு, அந்த நோய் நம் பக்கம் வராததும் ஒரு காரணம். ஆக, ஒரு விதை எதைக் கொண்டுவந்தது என்பதைப் போலவே எதைக் கொண்டுவரவில்லை என்பதும் முக்கியம்.

என்னிடம் மிஞ்சிய விதைகளைக் கொதிநீரில் போட்டேன். நான் விதைத்த மண்ணிலும் கொதிநீரை ஊற்றி, பையில் கட்டிக் குப்பையில் சேர்த்தேன். நீங்கள் அந்த நிலைமைக்கே போக வேண்டாம். வெளிநாட்டு விதை வேண்டுமானால் பயணத்துக்கு முன்பே விவசாயத் துறையிடம் கேளுங்கள். அதைவிட எளிது, முறைப்படி இறக்குமதி செய்து விற்கும் உள்ளூர் விதைக் கடையில் பொட்டலமாக வாங்குவது. அடுத்த முறை நான் அப்படித்தான் வாங்கினேன்.

நம் வெப்பத்தில் வளர்ப்பது எப்படி?

மிளகாய் விதை முளைக்க 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் ஏற்றது. குளிர்நாட்டார் இதற்கு மின்சாரச் சூடேற்றி வாங்குகிறார்கள். நமக்கு வீட்டு வாசலே போதும். விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி, மண்ணை ஈரமாக, ஆனால் சொதசொதவென்று இல்லாமல் வைத்திருங்கள். நீர் மிகுந்தால் நாற்று அடித்தண்டில் அழுகிச் சாயும். ஒன்று முதல் இரண்டு வாரத்தில் முளை தெரியும்.

நான்கைந்து இலை விட்டதும் 25 சென்டிமீட்டர் அகலமுள்ள பூச்சட்டிக்கு மாற்றுங்கள். மண்ணோடு மக்கிய உரமும் தேங்காய் நார்த்தூளும் கலந்திருக்கட்டும். நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் வரும். பத்ரோன் மிளகாய் மிதமான தட்பவெப்பத்துக்குப் பழகியது. பகல் 33, 34 டிகிரியைத் தொட்டு, இரவும் குளிராமல் இருந்தால் மகரந்தத்தின் வீரியம் குறைந்து பூக்கள் உதிரும். என் செடியில் முதல் இரண்டு வாரம் பூத்தவை எல்லாம் தரையில்தான் கிடந்தன. பிற்பகல் வெயில் படாத கிழக்குப் பக்கத்துக்குச் சட்டியை மாற்றினேன். காலையில் பூங்கொத்தை விரலால் மெல்லத் தட்டிவிட்டேன். மிளகாய்ப் பூவில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் இருப்பதால் அந்த அதிர்விலேயே தன்மகரந்தச் சேர்க்கை நடந்துவிடும். பிறகு காய்கள் நின்றன. ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டுமுன் பறித்துவிடுங்கள். முற்ற முற்றக் காரம் ஏறும்.

ஒன்று மட்டும் ஏன் உறைக்கிறது?

காரம் விதையில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கேப்சைசின் உருவாவது, விதைகள் ஒட்டியிருக்கும் வெண்ணிறத் திசுவில்தான். விதை அதன் பக்கத்தில் இருப்பதால் அதன் மேலும் காரம் பூசிக்கொள்கிறது. எவ்வளவு உருவாகும் என்பதை மரபணு, காயின் வயது, வெப்பம், நீர்ப் பற்றாக்குறை எல்லாம் சேர்ந்து முடிவு செய்கின்றன. அதனால்தான் ஒரே செடியில் சாதுவும் முரடும் பக்கத்துப் பக்கத்தில் காய்க்கின்றன. முரட்டுக் காய் மாட்டிவிட்டால் தண்ணீரைத் தேடாதீர்கள். கேப்சைசின் நீரில் எளிதில் கரையாது. பால் குடியுங்கள், அதிலுள்ள கேசின் என்ற புரதம் அதைப் பற்றி இழுத்துக்கொள்ளும்.

‘பக்கத்தில் காரமான மிளகாய் நட்டால் இந்தக் காயும் உறைக்குமா?’ என்று மாணவர்கள் கேட்பதுண்டு. உறைக்காது. கனியின் சதை தாய்ச்செடியின் திசு. அயல் மகரந்தம் அதை மாற்றாது. ஆனால் அதற்குள் இருக்கும் விதை கலப்பாகியிருக்கலாம். அடுத்த தலைமுறைச் செடியில்தான் அது தெரியும். தூய விதை வேண்டுமானால், பூ விரியுமுன் மெல்லிய வலைப்பையால் மூடி, காய் பிடித்ததும் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். அந்த ஒரு காயை மட்டும் பறிக்காமல் நன்கு சிவக்க விடுங்கள்.

சோதித்துப் பாருங்கள்

இந்தச் சோதனைக்கு ஸ்பெயின் போக வேண்டியதில்லை. சந்தைக்குப் போனால் போதும். பச்சை மிளகாய் ஒன்று, நன்கு சிவந்த மிளகாய் ஒன்று வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் பத்து விதைகளை எடுத்து, தனித்தனி ஈர மெல்லிழைத்தாளில் சுற்றி, மூடியுள்ள டப்பாக்களில் ஒரே இடத்தில் வையுங்கள். கையுறை அணியுங்கள், கண்ணைத் தொடாதீர்கள். 14 நாளுக்கு, ஒவ்வொரு நாளும் எத்தனை விதைகள் முளைத்தன என்று அட்டவணையில் குறியுங்கள்.

தற்சார்பு மாறி: கனியின் முதிர்ச்சி.
சார்பு மாறி: முளைத்த விதைகளின் எண்ணிக்கை.
கட்டுப்படுத்தப்பட்ட மாறி: நீரின் அளவு, வெப்பம், விதைகளின் எண்ணிக்கை.

முடிவைப் பார்க்கும் முன் உங்கள் கருதுகோளை எழுதிவிடுங்கள். எழுதாமல் ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதற்கு நான் ஊன்றிய 24 விதைகளே சாட்சி.

என் பூச்சட்டியில் இப்போது நூல் கட்டிய ஒரு காய் சிவந்துகொண்டிருக்கிறது. அதன் விதைகளை நிழலில் உலர்த்தி, தாள் உறையில் போட்டு, அந்தக் கேள்வி கேட்ட மாணவிக்குக் கொடுக்கப்போகிறேன். உறையின் மேல் என்ன எழுதுவது என்பதையும் முடிவு செய்துவிட்டேன்: ‘பழம்’.